கடலுக்குள் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். அந்தக் கடலோரச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் மேசையில் குனிந்து தன் கையால் இழுத்தவர். ஆனால் ஒரு நாள்கூட அதில் போனதில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் மனைவிக்கு விடுமுறை வந்ததும், "கோடு போட்டுக்கிட்டே இருந்தது போதும், கிளம்புங்க" என்று அவரைக் காரில் ஏற்றிவிட்டாள் அவள்.

ஓட்டுவது அவள், வழி சொல்வது அவர் என்று ஏற்பாடு. முதல் அரைமணி நேரம், அடுத்து வலப்பக்கம், அப்புறம் ஒரு பாலம் என்று பாடம் போல ஒப்பித்துக்கொண்டு வந்தார். மலை விலகிக் கடல் முழுசாகத் திறந்த இடத்தில் பேச்சு தானாக நின்றது. செங்குத்துப் பாறையின் இடுப்பில் சாலை ஓடியது. கீழே, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில், பச்சையும் நீலமுமாகக் கடல் புரண்டுகொண்டிருந்தது. காகிதத்தில் இந்தச் சாலை சுண்டுவிரல் நீளம்தான். இங்கே போகப் போகத் தீரவில்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?" என்றாள் மனைவி.

"இதை நான்தான் வரைஞ்சேன்னு வெளிய சொல்லிடாதே."

மதியம் ஒரு பழைய ஊருக்குள் நுழைந்தார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன் எழுப்பிய காவல் மதில்தான் ஊரே. அதைக் குடைந்து வீடுகள். பீரங்கி வைத்த துளைகளில் பூந்தொட்டிகளும் காயும் சட்டைகளும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் வாசற்படி ஏறித்தான் வழிவிட வேண்டும். காலம் காலமாகக் கால்கள் பட்டுத் தேய்ந்து, படிகள் நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தன. மனைவி அவற்றைத் தொட்டுத் தொட்டு நடந்தாள்.

கடைசி வீட்டில் நாலு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. கடைக்காரம்மா தணலில் வாட்டிய மீனையும் மண்சட்டியில் சிப்பிச் சாற்றையும் கொண்டுவந்து வைத்தாள். சாறு ஒரு வாய் உள்ளே போனதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடலின் ருசி அப்படியே இருந்தது, துளிக் கரிப்பில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டார். ஊரில் கிணறே கிடையாது, கடலில்தான் மொண்டு வருகிறோம் என்றாள் கடைக்காரம்மா சாதாரணமாக.

அவருக்கு ஒரு பழைய குறிப்பு நினைவுக்கு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன், இந்த இடத்தை அளக்க வந்த ஒருவர், கரையை ஒட்டிக் கடலுக்குள் 'நல்ல தண்ணீர் ஊற்று' என்று குறித்து அனுப்பியிருந்தார். வெயிலில் மண்டை காய்ந்து எழுதியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே ரப்பரால் அழித்தவர் இவர்தான். மறைக்காமல் அதைச் சொன்னார்.

கடைக்காரம்மா கோபப்படவில்லை. கடல் வற்றும் நேரம், வந்து பாருங்கள் என்று இருவரையும் கூட்டிப்போனாள்.

மதிலில் இருந்த குறுகலான கதவைத் தாண்டிப் படியிறங்கினால் கரை. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஒரு குழியில் மணல் கொதிப்பது போலக் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. குனிந்து அள்ளினார். விரல் விறைக்கும் குளிர்ச்சி. குடித்தார், மலைச்சுனை போல இனித்தது. ஒரு முழம் தள்ளி அள்ளிக் குடித்தார், வாயெல்லாம் உப்பு. நம்பாமல் மறுபடி இது, மறுபடி அது.

"முன்னாடி ஒரு படை வந்து எட்டு மாசம் வெளிய காத்துக் கெடந்துச்சாம்," என்றாள் கடைக்காரம்மா. "தாகத்துல ஊர்க்காரங்க கதவைத் தெறந்துடுவாங்கன்னு பார்த்தாங்க. இது அவங்களுக்குத் தெரியலை. அலுத்துப்போய்த் திரும்பிட்டாங்க."

அவர் குழியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேரை உயிரோடு வைத்திருந்த ஒன்றையா அழித்தோம்? வரைபடத்தில் திரும்பக் குறித்துவிடட்டுமா என்று தயங்கிக் கேட்டார்.

"போடுங்க. போடறதுன்னா சரியான எடத்துல போடுங்க."

கடைசிப் படியிலிருந்து ஊற்று வரை அடி எண்ணினார். பெரிய பாறையிலிருந்து ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். அதற்குள் கடல் ஏறத் தொடங்கி முழங்கால் வரை வந்துவிட்டது. ஊற்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெதுவெதுப்பான அலைக்கு அடியில், அந்தக் குளிர்ச்சி அவர் உள்ளங்காலை முட்டி முட்டித் தள்ளியது.

அடுத்த ஊர் நாற்பது கிலோமீட்டர், கிளம்பலாம் என்று படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். அவர் அசையவில்லை. என்னதான் அங்கே என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவளும் இறங்கி, அவர் பக்கத்தில் காலூன்றினாள்.

"ஆமாங்க," என்றாள் மெதுவாக. குளிர்ச்சி முட்டும் இடத்துக்கு இன்னொரு காலையும் நகர்த்தி வைத்தாள்.