மூன்றாவது மூக்கு

போட்டோ ஸ்டுடியோவின் உடை மாற்றும் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் மறுபடியும் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். மூக்கின் நுனி இன்னும் வீங்கித்தான் இருந்தது. இடதுபுறம் லேசாகச் சாய்ந்த மாதிரியும் இருந்தது. வீக்கமா, கோணலா? அது தெரியாமல்தான் தூக்கம் போயிற்று. முதல் ஆபரேஷனில் அப்பா வழி வந்த மேட்டைச் செதுக்கினார்கள். மூக்கு நடுவில் குழிந்து மூச்சே அடைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அதைச் சரிசெய்யத்தான் போன மாதம் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து இரண்டாவது ஆபரேஷன்.

"வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும், பொறுங்கம்மா. மூணாவது தடவை கத்தி வச்சா தோல் தாங்காது," என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வாய்த்ததுதான் முகம்.

அவள் பிழைப்பே முகங்களைத் திருத்துவதுதான். கம்ப்யூட்டரில் பருவை அழிப்பாள், மூக்கை நிமிர்த்துவாள், கல்யாண ஆல்பத்தில் எல்லாரையும் மூக்கும் முழியுமாக ஆக்கி அனுப்புவாள். சுவரில் மாட்ட அப்பாவின் படத்தைப் பெரிதாக்கும் வேலையும் அவளிடமே வந்தது. போன மாதம் அவள் முகத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இறந்துபோனவர். முதல் ஆபரேஷனுக்கு முன்னால், "என் மூக்கு உனக்கு என்னம்மா பண்ணுச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

சாயங்காலம் படத்தைப் பார்க்க அம்மா வந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாருடி இது?"

"அப்பாதாம்மா."

"நல்லாத்தான் இருக்காரு. ஆனா இவரோட நான் குடும்பம் நடத்தலியே."

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பழகிய கை, அவளைக் கேட்காமலே அப்பாவின் மூக்கு மேட்டை வழித்து எடுத்திருந்தது. செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். மேடு எழுந்தது, அப்பா வந்துவிட்டார். அம்மா திரையிலேயே அந்த மேட்டைத் தடவித் தடவி அழுதாள். அவளும் அழ வேண்டியவள்தான். மூக்கைச் சிந்தக் கூடாதே என்று அழுகையை விழுங்கினாள்.

"இங்க திரும்புடி," என்றாள் அம்மா.

திரும்பினாள். அம்மாவின் விரல் அவள் நெற்றி வரை வந்தது. எங்கே வலித்துவிடுமோ என்று முகத்தில் படாமல் நின்றது. பிறகு அங்கே இல்லாத மேட்டின்மேல், காற்றிலேயே, மெல்ல ஏறி இறங்கியது.