அனம் நிறுத்திய இடம்

காரின் பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கமாலுதீன் மூன்றாவது கயிற்றை இறுக்கினார். ராயபுரத்துச் சந்து மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு தையல் மிஷினின் தலைக்கு இவ்வளவு மரியாதையா என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டதால் பீரோ, பாத்திரம், மிஷினின் இரும்புக் கால் எல்லாம் காலையிலேயே குட்டி யானை வண்டியில் ஏறி எண்ணூர் போய்விட்டன. தலையை மட்டும் சாமானோடு சாமானாகப் போட அவர் மனைவி ஜீனத் விடவில்லை. அதற்காகத்தான் எதிர்வீட்டு ரவிக்குமாரின் டாக்சி.

கமாலுதீன் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் சரக்குக் கட்டியவர். கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றிய இரும்புச் சுருளும் மரமும் நடுக்கடலில் புரளாதபடி கட்டை முட்டுக் கொடுத்துக் கயிறு போடுகிற வேலை. தான் கட்டிய சரக்கு ஒரு விரல்கூட நகர்ந்ததில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி டீக்கடைக்காரருக்கே காது புளித்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைவேலைக்கு அவசியம் வரவில்லை. இன்றைக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"பாய், ஊசிய கழட்டிடு. துணியயும் எடுத்துடு," என்றான் ரவிக்குமார். "எர்ணாவூர் ரோடு கலீஜா கீது. ஒரு பள்ளத்துல வுட்டா பட்டுனு ஒட்ஞ்சிடும்."

"ஊசி அங்கியே இருக்கட்டும்," என்றாள் ஜீனத்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவர்கள் மகள் அனம் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். யாருடைய ஆர்டரும் இல்லை. சுடிதார் வெட்டியதில் மிஞ்சிய பூப்போட்ட துணி, வீட்டுக்குத்தான். பாதித் தையலில், "அத்தா, குளுருது," என்று எழுந்துபோய்ப் படுத்தாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் இருபத்துமூன்று வயதுப் பெண்ணை கமாலுதீன் தோள் கொடுத்துத் தூக்கிப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் அவளை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். அவர்கள் ஜமாத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. ஜீனத்துக்கு இருந்ததெல்லாம் துணிக்குள் இறங்கி நின்ற அந்த ஊசிதான். தினமும் மிஷினைச் சுற்றித் தூசி தட்டுவாள், துணியைத் தொடமாட்டாள். அங்கே முடிந்திருந்த தையலைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

பழைய மெத்தையை மடித்துக் கீழே வைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை செருகி, நாலாவது கயிற்றையும் போட்டு முடித்தார். தோளால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்துக்க ஜீனத்து. கார் கவுந்தாலும் இது கவுறாது."

அவள் மிஷின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

காசிமேடு தாண்டியது, திருவொற்றியூர் தாண்டியது. ஒவ்வொரு பள்ளத்திலும் கமாலுதீன் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். கயிறு கயிறாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை தலைகாட்டியது. கட்டத் தெரிந்த கை. மகளை மட்டும் எந்த முட்டுக் கொடுத்தும் நிறுத்தி வைக்க முடியாத கை.

எர்ணாவூரில் ஒரு கண்டெய்னர் லாரி சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே திரும்பியது. ரவிக்குமார் பிரேக்கில் ஏறி நின்றான். ஜீனத் முன்னால் சரிந்தாள். விழாமல் இருக்கக் கையில் அகப்பட்டதைப் பிடித்தாள். அகப்பட்டது மிஷினின் சக்கரம். அது அவள் பக்கமாகச் சுழன்றது.

டகடகடக.

காருக்குள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஐந்து மாதமாக அவர்கள் வீட்டில் கேட்காத சத்தம்.

ரவிக்குமார் வண்டியை ஓரங்கட்டினான். மிஷின் ஒரு விரல்கூட நகர்ந்திருக்கவில்லை. துணி நகர்ந்திருந்தது. ஜீனத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் துணிமேல் வைத்ததுபோல் குனிந்தாள். ஒரே நூல், ஒரே இடைவெளி. புதுத் தையலும் பழைய தையலும் ஒன்றாகவே ஓடின.

"பிரிச்சிடலாம்," என்றார் கமாலுதீன். "நானே பிரிச்சித் தர்றேன்."

"எது வரிக்கும்?" அவள் நிமிரவில்லை. "அவ எங்க நிறுத்தினான்னு சொல்லு. அது வரிக்கும் பிரி."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். இரும்புச் சுருளுக்குத் தனியாகச் சுற்றுகிற சக்கரம் கிடையாது. உடம்பைக் கட்டினால் எல்லாம் கட்டியாயிற்று என்றே பழகியவர். இத்தனை நாள் சக்கரத்தைப் பிடித்திருந்த பெல்ட்டை, தலையை இரும்புக் காலிலிருந்து பிரிப்பதற்காகக் காலையில் அவரேதான் கழற்றினார். தைக்கத் தெரிந்த யாராவது இருந்திருந்தால் முதலில் சக்கரத்தைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் தைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

"அக்கா, தண்ணி குடிக்கிறியா?" என்றான் ரவிக்குமார். "நான்தான்க்கா... அந்த லாரிக்காரன்..."

"உன் மேல ஒண்ணும் இல்லப்பா."

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காரை உலுக்கிவிட்டுப் போயின. ஜீனத் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். கமாலுதீன் தடுக்க வாயெடுத்தார்.

"இன்னொரு தபா கேட்டுக்கறேன்," என்றாள்.

டக். கொஞ்சம் பொறுத்து, டக். பிறகு விடாமல் சுற்ற ஆரம்பித்தாள். பின்கட்டில் அனம் உட்கார்ந்து தைப்பது போலவே இருந்தது. கமாலுதீன் திரும்பவில்லை. மிச்சமிருந்த கயிற்றுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு எதிரே சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. அப்போதுதான் திரும்பினார். துணி முடிந்துபோய், அதை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தை விட்டு நழுவி, இரண்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீனத் கண்ணை மூடியிருந்தாள். அவள் கை சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி துணி இல்லாத வெறும் தகட்டில் இறங்கி இறங்கி ஏறியது.