நாணு ஐயர் சொன்ன எண்

1988ஆம் ஆண்டு, குறுவை நடவு நேரம். மன்னார்குடிக்கு அருகே ஒரு பள்ளிக்கு முதல் கணிப்பொறி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தற்காலிகக் கணக்கு ஆசிரியர் இராஜாங்கம் அதற்கு ஒரு நிரல் எழுதினார். ஒரு செவ்வகத்தை இரண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் மறுபடி வெட்டு. விரலகலம் ஆனதும் நிறுத்து. எங்கே வெட்டுவது என்பதைக் கணிப்பொறியே தற்செயலாக ஒரு எண் எடுத்து முடிவு செய்யும். வரப்புகள் பிரித்த வயல்கள் போல அச்சாகி வந்த படத்தின் அழகில் மயங்கி, அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

பள்ளிக் குழு உறுப்பினர் நாணு ஐயர் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய இரண்டு வேலி நிலம், சுமார் பதிமூன்று ஏக்கர், கூலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய உபரி என்று நில உச்சவரம்பு வழக்கில் கிடந்தது. இராஜாங்கத்தின் அண்ணனோ விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்.

"வாத்தியாரே, என் நிலத்தைச் சங்கத்துக்குப் பங்கு போட்டு வரைபடமே தயார் பண்ணிட்டீரா?"

"ஐயா, இது வெறும் கணக்குங்க."

"தெற்கு வாய்க்கால் ஓரத்து மூணு துண்டு அப்படியே இருக்கு. கணக்காம் கணக்கு! போலீசுக்கு எழுதப்போறேன்."

புகார் போனால் வேலை அன்றே போய்விடும்.

"இது ஒவ்வொரு தடவையும் வேற படம் போடுங்க. இப்பவே காட்டுறேன்." கணிப்பொறியை அணைத்து மறுபடி இயக்கினார். அதே படம் வந்தது. இன்னொரு முறையும் அதே.

"பாத்தீரா? மனப்பாடமே பண்ணி வெச்சிருக்கு!"

இராஜாங்கம் நிரலை வரி வரியாகப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது: இயக்கும்போதெல்லாம் அந்த இயந்திரம் ஒரே எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது, வேறு தொடக்கம் கொடுக்க அவர் மறந்திருந்தார். தொடக்க எண்ணைக் கேட்கும் ஒரு வரியை நிரலில் சேர்த்தார்.

"ஐயா, நீங்களே ஒரு எண் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் சொன்னா நம்பமாட்டீங்களே."

"எழுபத்திமூணு," என்றார் ஐயர் வேண்டாவெறுப்பாக.

திரையில் முற்றிலும் வேறு வயல்கள் விரிந்தன. நூற்றுப் பதினாறுக்கு இன்னொன்று. ஐந்தாவது படத்தில் வாய்க்கால் போன்ற கோடே காணாமற் போயிற்று.

"இத்தனை விதமா பங்கு போட்டா சங்கத்துக்காரங்களே அடிச்சுக்குவாங்க ஐயா," என்றார் சத்தம் கேட்டு வந்து நின்ற தலைமையாசிரியை ஞானம்.

ஐயர் தம்மையறியாமல் சிரித்துவிட்டார். வைக்கோல் பொம்மையைக் கண்டு அலறிப் பறந்த கொக்கு, அதன் தலையிலேயே வந்து அமர்ந்ததுபோல, நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வழக்கு வழக்குதான், வாத்தியாரே. அதை நான் விடப்போறதில்லை. ஆனா இதுக்குப் போலீஸ் வேண்டாம். எங்கே, இருநூத்தி நாலு போடும்!"

இராஜாங்கம் எண்ணைத் தட்டிவிட்டு, ஐயருக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.