ஏழாவது மாடிச் சாவி

என் வீட்டுக்காரர் முருகையாவுக்குப் பூகம்பம் வந்த நாள்லேர்ந்து ஒரே பாடம்தான்: கட்டடம் ஆடினா வெளிய ஓடு. மாண்டலேயில இவரோட சீதை அக்கா ஓடல. நாலாவது மாடியில கட்டிலுக்கடியில பதுங்கினா. மொத்தக் கட்டடமும் அவ மேலயே இறங்கிருச்சு. அதுக்கப்புறம் இந்த மனுஷன் செருப்பைப் போட்டுக்கிட்டேதான் தூங்குறார்.

நாங்க இருக்கறது மாண்டலேக்கு ரொம்பத் தெற்கே, தின்கன்ஜூன்ங்கற பேட்டையில, ஏழாவது மாடி. லிப்ட் கிடையாது. வாசல்ல இரும்புக் கம்பிக் கதவு, உள்பக்கம் பூட்டு, பக்கத்து ஆணியில சாவி. இருக்கறதே அந்த ஒரு சாவிதான்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். கிழக்கே கறுப்பா ஒரு தூண் சுத்திக்கிட்டே எங்க பக்கம் வருது. தகரக் கூரையெல்லாம் அப்பளம் மாதிரிப் பறக்குது. ஐயோன்னு உள்ள ஓடினேன். அதுக்குள்ள சுவர் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு.

இவர் எங்க ஆறு வயசு ஆஷாவைத் தூக்கிட்டுக் கதவுக்குப் பாஞ்சார்.

"எங்க போறீங்க? இது பூகம்பம் இல்ல, சுழல்காத்து! தெருவுக்குப் போனா தகரம் ஆளையே வெட்டிடும்!"

"அக்காவும் உள்ளதான் இருந்தா!"

கம்பிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அஷ்ஃபாக் குடும்பத்தோட இறங்கி ஓடினார். "கீழ வாங்க, மா ரேவதி!"ன்னு ஊர் வழக்கப்படி மரியாதைக்கு 'மா' போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வெளிய போகாதீங்க! படியிலயே உக்காருங்க!" தொண்டை கிழியக் கத்தினேன்.

இவர் கை சாவிக்குப் போச்சு. நான் முந்திக்கிட்டேன். கம்பி வழியா படிக்கட்டுல விட்டெறிஞ்சேன். டங் டங்குன்னு அது கீழ போற சத்தம் கேட்டுச்சு.

"கொலைகாரி!"ன்னார். பதினோரு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை திட்டாத மனுஷன்.

அவர் சொல்றது சரின்னா, மூணு பேரையும் நானே பூட்டி வச்சுக் கொன்னுட்டேன். ஆஷாவைப் பிடுங்கிக்கிட்டுக் குளியலறைக்குள்ள ஓடினேன். வீட்டு நடுவுல, ஜன்னலே இல்லாத இடம் அது ஒண்ணுதான். இவர் கம்பிக் கதவை ரெண்டு உலுக்கு உலுக்கினார். அப்புறம் மெத்தையை இழுத்துட்டு வந்து எங்க மேல போட்டு, அதுக்கு மேல தானும் கவுந்து படுத்துக்கிட்டார்.

பால்கனிக் கண்ணாடி மொத்தமும் உடைஞ்சு குளியலறை வரைக்கும் வந்து கொட்டுச்சு. காது அடைச்சுப் போச்சு. ஆஷா என் தோளைக் கடிச்சுக்கிட்டே அழுதா.

எல்லாம் அடங்கினதும் எட்டிப் பார்த்தேன். கட்டட வாசல்ல கார் மேல கார் கிடந்துச்சு. எதிர் மாமரத்தோட அடிமரத்துல ஒரு தகரம் வெட்டிப் பாதி இறங்கி நின்னுச்சு. தெருவுல நின்னிருந்தா அந்த உயரம் இவர் கழுத்தளவு.

அஷ்ஃபாக் சாவியோட மூச்சு வாங்க மேல வந்தார். "நீங்க போட்ட சத்தத்துல யாருக்கும் கால் நகரல, மா ரேவதி. படியிலயே உக்காந்துட்டோம்"னு சொல்லிப் பூட்டைத் திறந்தார்.

கதவு திறந்தும் இவர் வெளிய போகல. முதுகெல்லாம் கண்ணாடிக் கீறல். ஆஷாவை மடியில வச்சுக்கிட்டு அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"நான் இவளைத் தூக்கிட்டு ஓடல, ரேவதி. அக்காவைத் தூக்கிட்டு ஓடினேன்."

"தெரியும்ங்க"ன்னேன். அதுவரைக்கும் எங்க இருந்துச்சோ, அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.