அவள் இதில் என்ன போடுவாள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கை ஆறவைத்து, வெங்காயமும் புளிப்பும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன். தின்றுவிட்டு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் நாக்குல நிக்கிற மாதிரி என்ன சேக்கலாம்?" பக்குவம் எழுத உட்கார்ந்தேன். கிழங்கு வேகும் முன்னே ஜெயினம்பு வந்து நின்றுகொண்டாள். கேட்டவளே, நீ நல்லா இருக்கணும். நீ கேட்காவிட்டால் இவள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், ரங்கூனில் குண்டு விழுந்தபின், நைனா முகமது காடும் மலையும் நடந்து மதுரை காஜிமார் தெருவுக்குத் திரும்பினார். அவர் கண்களில் அந்தக் காடு இன்னும்—"

(வேண்டாம். அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது அடுப்படி.)

இரண்டாம் தொடக்கம்: அவர் சாப்பிடவில்லை.

இது போதும். பெண்டாட்டி ஜெயினம்பு எதை வைத்தாலும் ஒரு வாயோடு தட்டைத் தள்ளினார். விலா எலும்பு தெரிந்தது. ஹக்கீம் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் போயிருச்சும்மா. இனி சோறுதான் மருந்து. வாய்க்குப் பிடிச்சதக் கேட்டுக் குடு. இல்லாட்டி ஆளு தங்க மாட்டாரு" என்றார்.

கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உருளைக்கெழங்கு. அங்க வீட்ல ஆறவச்சுப் பிசைஞ்சு தின்போம்."

வீட்டிலா? ரங்கூனில் கடையிலேயே படுத்துக்கொள்வதாகத்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லியிருந்தார். ஜெயினம்பு உலை வைக்கப் போய்விட்டாள்.

3

காய்க்காரி ஒச்சாயியைக் காய் விற்கத்தான் கதைக்குள் கூப்பிட்டேன். கூடையை இறக்கி உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"என்ன பாயம்மா, தெனமும் மலைக்கெழங்கா வாங்குறீக? அண்ணனுக்குச் சீமை வயிறா?"

"ஆறவச்சுப் பிசைஞ்சு திங்கணுமாம்டி."

"ஆறிப்போன கெழங்கையா! எங்க வீட்டு மாடே மூஞ்சியத் திருப்பிக்கிரும்."

"போடி. ரங்கூன்ல அப்படித்தானாம்."

"ரங்கூன்ல யாரு பிசைஞ்சு குடுத்தா?"

(இந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. அவளே கேட்டுவிட்டாள். வரியை அடித்துப் பார்த்தேன், அவள் கூடையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.)

4

நம் வீட்டுக் கை செய்கிற தப்பைத்தான் ஜெயினம்புவும் செய்தாள். கிழங்கைக் கண்டதும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். ருசி போதாதென்று கடலை மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டாள். நைனா முகமது ஒரு வாய் வைத்தார். "நல்லாருக்கு" என்றார். தட்டை நகர்த்தினார்.

இங்கே நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே நின்றிருந்தாள். அந்தப் பக்குவம் ஒருத்தியிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் அந்த ஒருத்தி இந்த வீட்டுக்குள் வந்துவிடுவாள். கேட்காவிட்டால் இவர் போய்விடுவார்.

கேட்டாள்.

"ஏங்க, அவ இதுல என்ன போடுவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு..."

"எனக்குத் தெரியும். என்ன போடுவா, அதச் சொல்லுங்க."

"தாளிக்க மாட்டா" என்றார், மெதுவாக. "கடலை மாவ வெறுஞ்சட்டியில செவக்க வறுத்து அப்படியே தூவுவா. வெங்காயம், பூண்டு முறுகப் பொரிச்சு, அந்த எண்ணெய ஆறவச்சு ஊத்துவா. அப்புறம் பொடி இறாலு, காஞ்சது, அத வறுத்து இடிச்சு..." சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டார்.

வாசலிலிருந்து குரல்: "சென்னாக்குன்னியா? மேலூர்ச் சந்தையில அம்புட்டுக் கெடக்கு. நாளைக்கே கொண்டு வாரேன்."

"ஒட்டுக்கேக்குறியாடி?"

"கூடையத் தூக்கிவிட ஆளில்ல பாயம்மா. காத மட்டும் வீட்லயா வச்சிட்டு வர முடியும்?"

(கேட்டவளே, உன் ருசி இதுதான்: வறுத்த மாவு, ஆறிய வெங்காய எண்ணெய், இறால் பொடி, கொஞ்சம் புளிக்கரைசல். பக்குவம் மட்டும் போதுமென்றால் இங்கேயே எழுந்துகொள், கோபிக்க மாட்டேன்.)

5

சொன்னபடி ஒச்சாயி கொண்டுவந்தாள். ஜெயினம்பு சஹனை எடுத்தாள், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை. கிழங்கை நைனா முகமதே பிசைந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். தன் பக்கம் காலியாகி அவள் பக்கத்துக்கும் அவர் கை வந்தது. ஜெயினம்புவும் ஒரு வாய் எடுத்தாள். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் விழுங்கக் கஷ்டமாக இருந்தது.

"அவ உசுரோட இருக்காளா?"

முடிவு ஒன்று: "வழியில காய்ச்சல்ல போயிட்டா" என்கிறார். எழுதினேன், அடித்தேன். ஜெயினம்புவின் நிம்மதிக்காக இன்னொரு பெண்ணைச் சாகடிக்க மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: "இருக்கா. எனக்காகக் காத்து—" அதையும் அடித்தேன். ஜெயினம்பு என்னைப் பார்த்தாள்.

நீங்கள் சொல்லுங்கள், கண்ணுகளா. அவர் வாய் நிறையக் கிழங்கு. மென்று முடிக்கும்வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. எதைச் சொன்னாலும் சரி, அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஏந்திவிட்டாள்: "யா அல்லா, இம்புட்டு வருசம் இவரு பசியப் பாத்தவ. எங்க இருந்தாலும் அவளுக்கு யாராச்சும் ஒரு வாய் குடுக்கட்டும்."

அந்த வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.