தோழர் குறித்த நாள்

என் கணவர் தட்சிணாமூர்த்திக்குப் பஞ்சாங்கம் என்றாலே ஆகாது. பெயர்தான் சாமிப் பெயர். ஆள் இளவயதிலிருந்தே இடதுசாரி. எங்கள் மகள் துர்க்காவின் நிச்சயதார்த்தத்துக்கு நான் நாள் பார்க்க வெளிக்கிட்டபோது, தானே நாள் குறித்துவிட்டதாகச் சொன்னார். ஏப்ரல் முப்பது, செவ்வாய்க்கிழமை. செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவருக்கோ அது பொன்னான நாள். மாப்பிள்ளை துவான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் துர்க்கா தேடிக்கொண்ட வியட்நாம் பையன். வியட்நாம் யுத்தம் முடிந்தது 1975 ஏப்ரல் முப்பதில். அமெரிக்கா ஒரு பக்கம், ரஷ்யாவும் சீனாவும் மறுபக்கம் நின்று ஆயுதம் கொடுக்க, இடையில் வியட்நாம் சனங்கள் இருபது வருடமாகச் செத்துக்கொண்டிருந்த யுத்தம் அது. அமெரிக்கா பக்கத்தின் தலைநகர் சைகோன் விழுந்த செய்தி வந்ததும் இவர் தோழர்களோடு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் வெடி கொளுத்தினாராம். அந்த யுத்தத்தில் இவருடைய பங்கு அவ்வளவுதான். கதையைக் கேட்டாலோ சைகோனை இவரே பிடித்த மாதிரி இருக்கும்.

பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் துவானின் தகப்பனுக்கு நேரே தொலைபேசி எடுத்தார். உங்கள் நாட்டின் வெற்றி நாளிலேயே பிக்கரிங்கில் எங்கள் வீட்டில் நிச்சயம் செய்வோம், கேக் வெட்டுவோம் என்றார். மறுமுனையில் அந்த மனிதர் தொலைபேசியை வைத்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

அன்று பின்னேரமே துர்க்கா அழுதுகொண்டு வந்தாள். கூடவே துவானும் வந்தான். அவனுடைய தகப்பன் தோற்ற பக்கத்துப் படையில் இருந்தவர். அந்த ஏப்ரல் முப்பதில்தான் அவருடைய தம்பி சைகோனுக்கு வெளியே சண்டையில் செத்துப்போனான். வென்றவர்களின் முகாமில் வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்து, பிறகு படகேறித் தப்பி வந்தவர் அவர். அந்த நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லையாம். இந்தக் கலியாணத்துக்குத் தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தகப்பன் வராத கலியாணம் தனக்கு வேண்டாம் என்றான் துவான்.

இவர் விடவில்லை. ஏகாதிபத்தியம், பொம்மை அரசாங்கம் என்று பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மே பதினெட்டிலை ஆரும் கேக்கோட வந்து எங்கட கதவைத் தட்டினா என்ன செய்வியள்?” என்று கேட்டேன்.

அவர் கதிரையை இழுத்து இருந்துவிட்டார். மே பதினெட்டு எங்கள் நாள். 2009இல், முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்த அந்த நாளோடு என் தம்பி இல்லாமல் போனான். அங்கே சனங்கள் கடைசியாகக் குடித்த வெறும் கஞ்சியை ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் காய்ச்சிக் குடிப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அதைக் காய்ச்சுகிறவர் இவர்தான். யுத்தம் முடிந்த அன்று கொழும்பு வீதிகளில் வென்றவர்கள் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். அதை ரீவியில் பார்த்து இவர் விம்மி அழுததை நான் மறக்கவில்லை.

ஏப்ரல் முப்பதன்று வெறுங்கையோடு ஸ்காபரோவிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த துவானின் தகப்பன் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். உள்ளே, சின்ன மேசையில் அவருடைய தம்பியின் படம், பக்கத்தில் ஊதுபத்திகள். இராணுவ உடுப்பில் மீசை அரும்பிய பையன். நாங்கள் வைத்திருக்கும் என் தம்பியின் பழைய படத்திலும் இதே வயதுதான். இவர் ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார். எந்தச் சாமிக்கும் கைகூப்பாத மனிதர் அந்தப் பையனுக்கு முன்னால் குனிந்து நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நாங்கள் வெளிக்கிடும்போது துவானின் தகப்பன் ஒன்றே ஒன்று கேட்டார். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கிறதா? இருக்கிறது, மே பதினெட்டு என்று சொன்னேன்.

மே பதினெட்டு காலையில் அவர் கறுப்புச் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் கொடுத்த கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகாமில் தங்களுக்கும் இதுதான் என்றார். பிறகு இரண்டு கிழவர்களும் குடித்து முடித்தார்கள். கலியாணத்துக்கு நாள் பாருங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இவர் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“அந்தப் பஞ்சாங்கத்தை எடும். ஒருத்தரும் சாகாத நாளாப் பாரும்.”

அப்படியொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துப் புரட்டத் தொடங்கினேன்.