முத்துக்கருப்பன் கல்

“கையை எடுங்கய்யா! அது கல்லு இல்ல, என் வீட்டுக்காரரு!”

சின்னத்தாய் போட்ட சத்தத்தில் சர்வேயர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

“மதினி, வெவரமில்லாமப் பேசாதீக,” என்றான் அவள் கொழுந்தன் சின்னச்சாமி. “அண்ணன் செத்து மூணு வருசமாச்சு. அங்கன நிக்கிறது கவருமென்ட் கல்லு.”

“கவருமென்ட் கல்லுக்குத்தான் நீ மொட்டை போட்டு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினியோ? சொல்லுலே!”

கொழுந்தனை ‘லே’ போட்டுப் பேசும் அளவுக்கு வந்துவிட்டாள் என்றால் விஷயம் பெரிது. நான் விறகு பொறுக்கப் போனவள். விறகு எங்கே ஓடிவிடப்போகிறது? கட்டைக் கீழே போட்டுவிட்டு, நன்றாகத் தெரியும்படி மேட்டில் ஏறி நின்றுகொண்டேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் காட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அடுத்தடுத்துப் புஞ்சை. கிழக்கே அண்ணன் முத்துக்கருப்பன், மேற்கே தம்பி சின்னச்சாமி. நடுவில் வரப்பு, வரப்பு முனையில் ஒரு சர்வே கல். அண்ணன் பத்திரத்தில் எல்லை எழுதியிருப்பது இப்படி: சின்னச்சாமி புஞ்சைக்குக் கிழக்கு, சங்கையா புஞ்சைக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சங்கையா செத்து, பிள்ளைகள் திருப்பூர் போய், அவர் புஞ்சை முழுக்க வேலிக்கருவை முள். சின்னச்சாமியோ தன் பங்கைத் தனுஷ்கோடி முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். விற்கும்போது இருக்கிற நிலத்தை எழுதாமல், அவன் அப்பா பெருமைக்குச் சொல்லிக்கொண்டிருந்த அளவை எழுதிக் கொடுத்தான். ஒரு வருசம் கழித்து முதலாளி ஆள் விட்டு அளந்து பார்த்தார். குறைந்தது. அன்றிலிருந்து சின்னச்சாமி முகத்தில் களை இல்லை.

கல்லின் கதை வேறு. லாரி போகப் பாதை போடுகிறேன் என்று கம்பெனி ஜேசிபி வரப்பை நிரவியபோது அந்தச் சர்வே கல்லையும் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அதே மாதம்தான் முத்துக்கருப்பன் வேறொரு கம்பெனி வெடிவிபத்தில் போனான். ஆஸ்பத்திரியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள், முகம் காட்டவில்லை. கருமாதிக்குச் செத்தவருக்காக ஒரு கல் ஊன்றி, அதைக் குளிப்பாட்டிச் சோறு படைப்பது எங்கள் வழக்கம். சின்னத்தாயின் தம்பி பாண்டி கல் தேடிப் போனான். நாலு பக்கமும் செதுக்கின கல் பள்ளத்தில் கிடந்தது. சர்வே கல் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பிடுங்கிப் போட்ட பிறகு அது வெறும் கல்தானே என்று நினைத்தான். “மாமாவுக்கு எடுப்பா இருக்கும்” என்று தோளில் தூக்கி வந்து, முத்துக்கருப்பன் புஞ்சைக் கிணற்றைத் தாண்டிக் கிழக்கே, அவன் மத்தியானம் படுக்கிற வேம்படியில் ஊன்றிவிட்டான். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் சடங்கு செய்தது சின்னச்சாமி.

சடங்கு முடிந்ததும் கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் போட வேண்டும். சின்னத்தாய் விடவில்லை. “மொகத்தத்தான் பாக்கல, கல்லாச்சும் இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசினாள். கொஞ்சம் கூடுதல்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்போது முதலாளி கூட்டிவந்த சர்வேயர் பேனாக்கத்தியால் அந்த மஞ்சளைச் சுரண்டினார். தலையில் கொத்தின குறி பளிச்சென்று தெரிந்தது.

“மேற்குக் கல்லு கம்பெனிக் கட்டடத்துக்கு அடியில போயிருச்சு. கிழக்குக் கல்லு முள்ளுக்குள்ள. கைக்குக் கெடச்சது இது ஒண்ணுதாம்மா. இதுலருந்துதான் பிடிக்கணும்.”

முள்ளுக்குள் போனால் சட்டை கிழியும். வேம்படியில் நிழல் இருந்தது. ஜீப்பில் முதலாளி கொண்டுவந்த பிரியாணியும் இருந்தது. சங்கிலியைப் பிடித்தார். சின்னச்சாமி எழுதிக் கொடுத்த அளவு வந்தது, கொஞ்சம் கூடவே வந்தது. கூட வந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கிணறு கம்பெனிப் பக்கம் போய்விட்டது. அது பத்திரம் எழுதின பிறகு வெட்டின கிணறு. பத்திரத்தில் அப்படியொரு கிணறே கிடையாது.

“ஐயா, கெணறு போனா மொளகாயும் கத்திரியும் எதுல போடுவேன்?” சின்னத்தாயின் குரல் இறங்கிவிட்டது. “அப்பனத்தான் வெடிமருந்துக்குக் குடுத்தேன். எம்மக மாரிசெல்வியக் கம்பெனி வேன்ல ஏத்தக் கூடாதுன்னுதான்யா அந்தக் கெணத்தக் கட்டிக்கிட்டு அழுறேன்.”

சர்வேயர் கல்நெஞ்சக்காரர் இல்லை. “கல்லு எடம் மாறியிருக்குன்னா சொல்லுங்கம்மா, எழுதிக்கிடுறேன். பழைய எடத்தைத் தேடிப் பாப்போம். ஆனா சர்வே கல்ல நகட்டுனது யாருன்னும் சொல்லணும். அவன் மேல கேசு வரும்.”

அவள் வாயைத் திறந்தாள். கண் முதலாளியின் ஜீப்புக்குப் போனது. அங்கே தண்ணீர்க் கேனைப் பிடித்தபடி பாண்டி நின்றான். கம்பெனியில் அவன் லோடுமேன். அந்த ஆவணியில்தான் வேல்விழியைக் கட்டியிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னச்சாமியைப் பார்த்தாள். “ஏப்பா, நீயாச்சும் சொல்லு.”

“எனக்கு என்ன மதினி தெரியும்? சடங்கு அன்னைக்கு நான் ஒரு நெலையிலயா இருந்தேன்?”

கருமாதிக்கு ஊரே வந்திருந்தது. ஆனால் பாதி ஊர் அந்தக் கம்பெனி வேனில் போகிற ஊர். அளக்க வந்த அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஞாபகமறதி.

“யாரும் நகட்டலய்யா,” என்றாள் சின்னத்தாய். “அது மொதல்லருந்தே அங்கனதான் நிக்கிது.” முந்தானையில் முடிந்திருந்த மஞ்சளைக் குழைத்து, சுரண்டின இடத்தில் பூசினாள். பூசிவிட்டு வீட்டுக்குப் போனாள். கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே மாரிசெல்வி வேனில் ஏறினாள். தாள் ஒட்டுகிற வேலை. கம்பெனிக்காரர்கள் கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, பக்கத்திலேயே மருந்து கலக்கிற ரூம் கட்டினார்கள். கலவை ரூம் எல்லையிலிருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டமாம். கல் நின்ற இடத்திலிருந்து பிடித்தால் தூரம் சரியாக இருந்தது. அந்த ரூமுக்கு ஆள் கேட்டபோது முதலாளி பாண்டியைத்தான் கூப்பிட்டார். விசுவாசமான ஆள் என்று அன்றைக்கே கண்டுகொண்டாராம். லோடு ஏற்றுவதைவிடக் கூலி கூட. வேல்விழி எங்கள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்த நேரம். சத்தம் கேட்டதும் யார் வீட்டு ஆள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே ஓடினோம். தாள் ஒட்டுகிற ரூம் தூரத்தில் இருந்ததால் மாரிசெல்வி செருப்பில்லாமல் வெளியே வந்துவிட்டாள். கலவை ரூம் இருந்த இடத்தில் ரூம் இல்லை. தகரம் சங்கையா முள்ளுக்குள் தொங்கியது. கிணற்றின் மேல்சுவர் உள்ளே விழுந்திருந்தது. பாண்டியைப் பொட்டலமாகக்கூடக் கட்ட முடியவில்லை. வேம்படிக் கல் மட்டும் மஞ்சள் கலையாமல் நின்றது.

சின்னத்தாய் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “கேசுல ரெண்டு மாசம் உள்ள இருந்துட்டு வந்திருப்பான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பாண்டியின் கருமாதிக்குக் கல் தேடப் புறப்பட்டவர்களை அவள்தான் நிறுத்தினாள். “கல்லு வேண்டாம். பச்சச் செங்கல்ல வைங்க. தண்ணியில போட்டாக் கரையும். அதப் பிடிச்சு எவனும் அளக்க மாட்டான்.”

தை பிறந்ததும் மாரிசெல்வியைக் காரியாபட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயசு கூடத்தான், யாரும் பேசவில்லை. மிச்சப் புஞ்சையைக் கிரயம் எழுதிவிட்டுச் சின்னத்தாயும் மகளோடு போய்விட்டாள். சின்னச்சாமி விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் காவல் இருக்கிறான். ஊர்க் கோயில் கொடைக்குக்கூட வருவதில்லை. சர்வேயருக்கு மாற்றலாகிவிட்டது. வேல்விழி இரண்டு வருசம் அம்மா வீட்டில் இருந்தாள். பிறகு அந்தக் கம்பெனி வேன் ஓட்டுகிறவனையே கட்டிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் போனாள். நாங்கள் ஒரு மாதம் அதைத்தான் பேசினோம்.